பொதுவாக்கெடுப்பும் நாணய மதிப்பும்: ஸ்காட்லாந்து தரும் சான்று

நாணயத்தின் மதிப்பு, அதற்குப் பொறுப்பேற்கும் அரசின்மீது கொண்ட நம்பிக்கையைச் சார்ந்தது. 2014 செப்டம்பர் 18இல் ஸ்காட்லாந்தில் நடைபெற்ற தனிநாட்டுப் பொதுவாக்கெடுப்பு இதனைத் தெளிவுறுத்துகின்றது. பிரிந்த பின்னரும் பவுண்டைப் பொது நாணயமாகக் கொள்ள விழைந்தது எடின்பரோ அரசு. அதற்கு உடன்பட இயலாது என அவ்வாண்டு பிப்ரவரியிலேயே இலண்டன் அறிவித்தது. பொதுக்கடனைப் பகிர்வது எவ்வாறு, இடருறும் வங்கிகளைக் காப்பவர் யார் என்னும் வினாக்களும் விடையின்றி நின்றன.

செப்டம்பர் 7இல் வெளியான கருத்துக்கணிப்பொன்றில் பிரிவினை ஆதரவு 51 விழுக்காட்டை எட்டியது. மறுநாளே டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு ஒரு விழுக்காட்டிற்கும் மேல் சரிந்தது. இறுதியில் 55 விழுக்காட்டினர் பிரிவினையை மறுத்தனர். பவுண்டும் சற்றே மீண்டது.

எனவே, வாக்குப்பதிவுக்கு முன்னரே நாணயத்தை அசைப்பது விடைபெறாத வினாக்களே எனலாம்.