கண்ணை மூடினாலும் விழும் கட்டைகள்

அந்த ஐந்து பேருக்கும் புதிய நினைவுகள் தங்காது. நேற்று ஆடிய ஆட்டத்தை இன்று முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு அவர்களை டெட்ரிஸ் ஆடவைத்தார். இரவில் கண் சொருகும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டபோது, மேலிருந்து விழுந்து, திரும்பி, ஒன்றோடொன்று பொருந்தும் வடிவங்கள் தெரிவதாக மூன்று பேர் சொன்னார்கள். ஆடியது மறந்துவிட்டது; கட்டைகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. 2000இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வு, உறக்கத்தின் வாசலில் தோன்றும் காட்சிகளுக்கு நாம் அறிந்து நினைவுகூரும் நினைவு தேவையில்லை என்று காட்டியது.

மாரியோவுக்கு மீசை உண்டு, பேக்-மேனுக்கு வாய் உண்டு. டெட்ரிஸுக்கு முகமே கிடையாது. கதையும் இல்லை, வில்லனும் இல்லை. விஞ்ஞானிகளுக்கு அதுதான் வசதியாகப் போயிற்று.

ஆட்டம் பிறந்ததும் ஓர் ஆய்வு நிலையத்தில்தான். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவிடம் இருந்தது எலக்ட்ரோனிகா 60 என்ற கணினி. அதில் படம் வரைய வழியில்லை. எழுத்துகள் மட்டுமே வரும் திரையில், சதுர அடைப்புக்குறிகளை ஒட்டிவைத்துக் கட்டைகளை உண்டாக்கினார். ஐந்து சதுரங்களால் ஆன 12 வடிவங்களைப் பொருத்தும் பழைய புதிரைச் சுருக்கி, நான்கு சதுரங்கள், ஏழு வடிவங்கள் என்று வைத்தார். நிரம்பிய வரிசை மறைய வேண்டும் என்ற விதிதான் ஆட்டத்தின் உயிர். அது இல்லாவிட்டால் திரை சட்டென்று நிரம்பிவிடும்.

1989இல் நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியோடு அது உலகம் சுற்றியது. அந்தப் பதிப்பு மட்டும் சுமார் 3.5 கோடி விற்றது. உரிமை சோவியத் அரசின் கையில் இருந்ததால், பஜித்னோவுக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996இல்தான். நம்மூருக்கு அது 'பிரிக் கேம்' என்று வந்தது. '9999 இன் 1' என்று அட்டையில் பீற்றிக்கொண்டாலும், பிள்ளைகள் அதில் பெரும்பாலும் ஆடியது இந்த ஒன்றைத்தான்.

கலிபோர்னியாவில் ரிச்சர்டு ஹையர், புதிதாக ஆடுபவர்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தார். சில வாரப் பயிற்சியில் அவர்களின் மதிப்பெண் பல மடங்கு ஏறியது. மூளை எரிக்கும் குளுக்கோஸோ குறைந்திருந்தது. கைதேர்ந்த மூளை கூடுதலாக உழைப்பதில்லை என்பதற்கு 1992இல் கிடைத்த முக்கியமான சான்று இது.

1994இல் டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் ஆடுபவர்களின் விரல்களைக் கவனித்தார்கள். கட்டை முழுதாகத் திரைக்குள் வருவதற்கு முன்பே அதைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். தேவைக்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருப்புகிறார்கள். பார்த்தால் வீண் வேலை. ஆனால், மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பதைவிடப் பொத்தானைத் தட்டிப் பார்ப்பது பல மடங்கு வேகம். சிந்தனையில் பாதியை விரல் செய்கிறது.

கணிதக்காரர்களும் விடவில்லை. கட்டைகள் எதேச்சையாக வந்துகொண்டே இருந்தால், எத்தனை சாமர்த்தியசாலியும் என்றாவது ஒருநாள் தோற்றே ஆகவேண்டும் என்று 1997இல் ஹைடி பர்கீல் நிறுவினார். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பழைய நின்டெண்டோ பதிப்பை 157ஆம் நிலைவரை கொண்டுபோனான். அங்கே தோற்றது அவனல்ல, நிரல். திரை அப்படியே உறைந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட ஆச்சரியம், மருத்துவமனைக்குள் டெட்ரிஸ் போனது. உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் குழுவினர், சாலை விபத்தில் சிக்கி ஆறு மணி நேரத்துக்குள் ஆக்ஸ்ஃபோர்டின் அவசரப் பிரிவில் இருந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் 71 பேர். ஒரு பிரிவினர் விபத்தின் மோசமான கணத்தை நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு சுமார் 20 நிமிடம் டெட்ரிஸ் ஆடினார்கள். முதல் வாரத்தில் விபத்துக் காட்சி கேட்காமலே கண்முன் வந்து நிற்பது, மற்ற பிரிவினரைவிட அவர்களுக்கு 62 சதவீதம் குறைவு. நினைவு கெட்டிப்படும் நேரத்தில் மூளையின் காட்சித் திறனுக்கு வேறு வேலை கொடுத்துவிடுவதே இதன் சூட்சுமம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எந்த விளையாட்டும் இதைச் செய்துவிடாதா? 2010இல் அதே குழு அதையும் சோதித்திருந்தது. விபரீதக் காட்சிகள் நிறைந்த படத்தைப் பார்த்த அரை மணி நேரத்தில் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும் தொல்லை குறைந்தது. சொற்களால் ஆன வினாடி வினா ஆடியவர்களுக்குக் கூடியது.