விடுமுறையும் மலையும்

மாமல்லபுரத்துக் கடற்கரையில் வைகறைப் பொழுதில் நின்று பாருங்கள். மீனவர்கள் படகுகளின் அருகே நின்று கடலை நோக்கிக்கொண்டிருப்பார்கள். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, அலை எங்கே உடைகிறது, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது என்பவற்றைக் கண்டறிந்த பின்னரே படகைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கடல் இசையாத நாளில் வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டு கரையிலேயே இருந்துவிடுவார்கள். அதை அச்சம் என்று எவரும் சொல்வதில்லை. தொழிலறிவு என்றே கூறுகிறோம். அந்த அறிவு மலைக்குச் செல்வோருக்கும் வேண்டும் என்பதே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

நான் செங்கற்பட்டில் வாழ்பவன். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் நடந்து பழகியவன். ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஐயா, மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வருகிறது. எந்த மலைக்குப் போகலாம்?" கேள்வி நல்லதே. ஆனால் நாளை முதலில் குறித்துக்கொண்டு மலையைப் பின்னர் தேடுகிறார்கள். மலைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. அது அரசாங்க விடுமுறைப் பட்டியலைப் பார்த்து எழுதப்பட்டதன்று.

நம் விடுமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். தைப்பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, முகடுகள் நெடுந்தொலைவு தெரியும் காலம் அது. குளிர் மட்டும் கடுமையாக இருக்கும். உதகையின் பள்ளங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். சித்திரைப் பிறப்பின்போது மலைப்புல் காய்ந்து சருகாகிவிடும். ஆகஸ்ட் 15-இல் செங்கற்பட்டில் வெயில் அடிக்கலாம். அதே நாளில் நீலகிரியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் வாரத்தில் நீலகிரியிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. சுதந்திர தினத்துக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது. ஆயுத பூசை இரு பருவங்களுக்கும் இடைப்பட்டது. காலையில் தொடங்கி நண்பகலுக்குள் நடையை முடிப்பவர்களுக்கு அது ஓரளவு இடம் தரும். தீபாவளியோ மழையின் நடுவே வருவது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில் மண் சரியும் காலம். ஆகவே ஆண்டு முழுவதிலும் மலைக்கும் நமக்கும் ஒருங்கே பொருந்தும் விடுமுறைகள் சிலவே. டிசம்பர் இறுதியும் ஜனவரியும் அவற்றுள் சிறந்தவை.

இந்தக் கணக்கைப் பாராதிருந்தால் என்ன நேரும்? 2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகேயுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. வார விடுமுறையில் மலையேறச் சென்று இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் அதில் சிக்கினர். சென்னையிலிருந்து வந்தவர்கள் பலர். கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது மிக விரைந்து செல்லும். கீழே எரியும் தழல் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்கி உலர்த்திவிடுவதே அதற்குக் காரணம். காய்ந்த புல் ஆள் உயரம் நிற்கும் சரிவில் மனிதன் ஓடித் தப்புவது அரிது. இறந்தவர்கள் உங்களைப் போன்றவர்களே. உடல் வலிமையிலும் ஊக்கத்திலும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களைக் குறை கூறுவதற்காக இதை நான் சொல்லவில்லை. மார்ச் மாதத்து மலை எத்தகையது என்பதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் மலையேற்றத்துக்கெனத் தமிழக அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. மலைப்பகுதி இளைஞர்கள் அவற்றில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தீப்பற்றும் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுண்டன்றோ? மீன் பெருகுவதற்காகக் கடல் அடைக்கப்படுவதுபோல, காடும் மனிதரும் பிழைப்பதற்காக மலை அடைக்கப்படுகிறது. அனுமதி கிடைக்கவில்லை என்றால் வேறொரு குறுக்கு வழியைத் தேடக்கூடாது. வேறொரு மாதத்தைத் தேட வேண்டும்.

இனி நாழிகைக் கணக்குக்கு வருவோம். வெள்ளி இரவு புறப்பட்டுத் திங்கள் இரவு வீடு திரும்பினால் 72 மணி நேரம். பெரிய பொழுது போலத்தான் தோன்றுகிறது. ஆனால் செங்கற்பட்டிலிருந்து உதகைக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சாதாரண நாளிலேயே ஓர் இரவு முழுவதும் பயணம், திரும்புவதற்கும் அவ்வளவே. விடுமுறைக்கு முந்திய மாலையில் பரனூர்ச் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமிராது. இரயிலில் செல்லலாம் என்றால், 2024 நவம்பர் முதல் பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. விடுமுறை நாட்களுக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். மலையடிவாரத்திலும் நெரிசல் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்ல மின் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. 2025-இன் கோடையில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது.

நெரிசலால் விளையும் பெருந்தீங்கு அலைச்சல் மட்டுமன்று. சாலையில் நான்கு மணி நேரம் இழந்தவர்கள் அந்த நான்கு மணியை மலையில் ஈட்ட முயல்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய நடையைப் பத்து மணிக்குத் தொடங்குகிறார்கள். ஆயினும் முகட்டைத் தொடாமல் திரும்ப மனம் வருவதில்லை. பிற்பகலில் மேகம் இறங்கிப் பாதையை மூடுகிறது. ஆறு மணிக்கெல்லாம் காட்டில் இருள் சூழ்கிறது. எனவே மூன்று நாள் விடுமுறையில் ஒரு நாள் நடையை மட்டுமே வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுங்கள். மழைக்கும் தாமதத்துக்கும் காய்ச்சலுக்கும் அந்த நாள் உதவும். ஒன்றும் நேரவில்லையென்றால் ஓய்வாகக் கழியும். விடுமுறைக்கு அடுத்த வாரத்தின் வாரநாட்களில் செல்ல இயலுமானால் அது எல்லாவற்றினும் மேல்.

அடுத்தது காற்று. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஏறத்தாழ 2,640 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் அது நான்கில் மூன்று பங்கிற்குச் சற்றே குறைவு. காற்றில் உயிர்வளியின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆனால் காற்று நெகிழ்ந்திருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் அளவு குறைகிறது. அதனால்தான் மாமல்லபுரத்தில் எளிதாக ஓடும் இளைஞன் அங்கே விரைந்து நடக்கும்போதே இளைக்கிறான். வெப்பமும் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை பாகை வீதம் குறையும். கரையில் 30 பாகை என்றால் அங்கே 13 பாகை. காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடம்பு அதைவிடக் குளிராக உணரும்.

பயிற்சிக்குத் திருக்கழுக்குன்றத்து மலைப்படிகள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. 500-க்கும் மேற்பட்ட அந்தப் படிகளை ஒரு மாத காலம் வாரம் மூன்று முறை ஏறி இறங்குங்கள். காலும் நெஞ்சும் உறுதிப்படும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். உயரத்து மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்க இந்தச் சமவெளியில் வழியில்லை. அதை உயரத்தில் தங்கித்தான் பெற வேண்டும். இமயமலைக்குச் செல்ல விரும்புவோர்க்கு இது இன்றியமையாத பாடம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது; மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் விதி. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்கு விமானத்தில் சென்று இறங்குபவர் முதல் இரண்டு நாட்கள் ஓய்வாக இருக்க வேண்டும். மூன்று நாள் விடுமுறையில் எஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றினால் மேலே ஏறாதீர்கள்; அவை மிகுந்தால் உடனே கீழே இறங்குங்கள். இறங்குவதைப் போன்ற மருந்து வேறில்லை.

புறப்படுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று செய்திகளை எழுதுங்கள். எந்தப் பாதையில், யார் யாருடன் செல்கிறீர்கள் என்பது முதலாவது. எத்தனை மணிக்கு முகட்டை அடையாவிட்டாலும் திரும்புவீர்கள் என்பது இரண்டாவது. நண்பகல் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்வது நலம். குழுவில் ஒருவர் அந்த நேரத்தைச் சொன்னால் மற்றவர்கள் வாதாடாமல் திரும்ப வேண்டும் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முகடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு அதைப் பேச இயலாது. எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் வீட்டார் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மூன்றாவது. அந்தத் தாளை உங்கள் அன்னையின் கையில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.