கார்த்திகையைச் சூழ்ந்த நீலப் படலம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைக்குக் காவடிகளை ஏறவைக்கும் கார்த்திகை நட்சத்திரம், வானியலில் எம் 45 என்று குறிக்கப்படும் விண்மீன் திரள். பழந்தமிழில் அறுமீன் என்று பெயர். வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளிகளாகத் தெரியும் இக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. பூமியிலிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் அவை இருக்கின்றன. கண்ணுக்கு எட்டாத இன்னொன்றும் அங்கே உண்டு. பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்த படங்களில் அந்த மீன்களைச் சுற்றி, சீவிவிட்ட கூந்தல்போல் இழை இழையாக ஒரு நீலப் படலம் தெரியும். அதுதான் நெபுலா: விண்வெளியில் விரவிக் கிடக்கும் தூசும் வாயுவும்.

வானத்தைப் படமெடுக்கும் ஆர்வலர்கள் பலரும் தொடக்கத்திலேயே குறிவைக்கும் பொருள்களில் இது ஒன்று. எடுத்த படத்தை நண்பர்களிடம் காட்டியதும் பேச்சு தொடங்கிவிடும். இந்த நீலம் உண்மையா, லென்ஸில் விழுந்த ஒளிச்சிதறலா? ஓரத்தில் தெரியும் இருண்ட இழை தூசா, மென்பொருள் விட்டுச்சென்ற கறையா? பொழுதுபோக்காளர்களின் அரட்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கார்த்திகையின் நெபுலா இப்படிப்பட்ட வாக்குவாதத்தின் வழியாகத்தான் அறிவியலுக்குள் வந்தது.

1859 அக்டோபரில் வெனிஸ் நகரில் வில்ஹெல்ம் டெம்பெல் என்ற ஜெர்மானியர், நான்கு அங்குலத் தொலைநோக்கி ஒன்றால் கார்த்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொழில்முறை வானியலர் அல்லர், கல்லச்சுக் கலைஞர். கூட்டத்தின் மெரோபி என்ற மீனுக்கு அருகே மங்கலான ஒளித்திட்டு ஒன்று தெரிவதாக அவர் அறிவித்தார். அடுத்த கால் நூற்றாண்டுக்கு அது சண்டைப் பொருளாயிற்று. அவரைவிடப் பெரிய தொலைநோக்கி வைத்திருந்த சிலர் தங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றனர். வேறு சிலர் தெரிகிறது என்றனர். ஒளி கூடியும் குறைந்தும் மாறும் நெபுலாவாக இருக்கலாம் என்று சமரசம் பேசியவர்களும் உண்டு. பெரிய தொலைநோக்கியில் உருப்பெருக்கம் கூடும்போது பார்வைப்புலம் சுருங்கும். பரந்து கிடக்கும் மங்கிய ஒளி பின்னணியோடு கலந்துவிடும். சிறிய கருவி வைத்திருந்தவருக்குச் சாதகமானது இதுவே.

வழக்கைத் தீர்த்தது புகைப்படம். 1885 நவம்பரில் பாரிஸ் வான்காணகத்தின் ஹென்றி சகோதரர்கள் எடுத்த தகட்டில், மாயா என்ற இன்னொரு மீனைச் சுற்றியும் நெபுலா பதிவாகியிருந்தது. அடுத்த ஆண்டு ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படங்களில் கூட்டம் முழுவதும் படலம் பரவியிருப்பது தெரிந்தது. அந்தப் படலம் என்ன என்பதற்கு மட்டும் 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் லோவெல் வான்காணகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அதன் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தபோது, அருகிலுள்ள விண்மீனின் நிறமாலையே அதிலும் இருந்தது. படலத்துக்குச் சொந்த ஒளி இல்லை. தூசு மீனின் ஒளியைச் சிதறடிக்கிறது. நீல ஒளி கூடுதலாகச் சிதறுவதால் படத்தில் நீலம் மேலோங்குகிறது. மீன்கள் பிறந்தபோது மிஞ்சிய தூசு இது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. தன் வழியில் குறுக்கிட்ட வேறொரு தூசு மேகத்தைக் கார்த்திகை கடந்துகொண்டிருக்கிறது என்பதே இன்றைய கருத்து.

ராபர்ட்ஸும் வேலையால் வானியலர் அல்லர். கட்டடத் தொழில் நடத்தியவர். 1888 டிசம்பரில் அவர் எடுத்த ஆண்ட்ரோமீடா கேலக்சியின் படத்தில்தான் அதன் சுருள் வடிவம் உலகுக்குத் தெரிந்தது. 1880-ல் ஓரியன் நெபுலாவை முதலில் படமெடுத்த ஹென்றி டிரேப்பர் மருத்துவம் படித்தவர். 1883-ல் அதே நெபுலாவில், கண்ணால் பார்த்து அறிய முடியாத விண்மீன்களைப் பதிவுசெய்த ஆண்ட்ரூ காமன் ஒரு பொறியாளர். நெபுலாப் படக்கலையின் முதல் பத்தாண்டைப் பெரும்பாலும் ஆர்வலர்களே நடத்தினார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

இன்று படமெடுக்கும் முறை வேறு. ஒரே நீண்ட பதிவுக்குப் பதிலாக, சில விநாடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரையிலான பதிவுகளை நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். நெபுலாவின் ஒளி ஒவ்வொரு பதிவிலும் அதே இடத்தில் விழும். சென்சாரின் இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருக்கும். நூறு பதிவுகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். குறுக்கே கடந்த செயற்கைக்கோளின் கோடு ஒரு பதிவில் மட்டுமே இருப்பதால் மென்பொருள் அதைக் கழித்துவிடும். மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் பதிவுகள் சென்சாரின் குறைகளை நீக்கவும், சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃப்ளாட் பதிவுகள் லென்ஸின் தூசியையும் ஓர இருட்டையும் சரிசெய்யவும் உதவுகின்றன.

பூமி சுழல்வதால், நீண்ட பதிவுகளுக்குக் கேமராவும் வானத்தோடு திரும்ப வேண்டும். திருப்பும் மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக நிறுத்துவது முதல் வேலை. திருத்தணி ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு குன்றோ தென்னந்தோப்போ இருந்தால் தெரியாமலே போய்விடும். ஐரோப்பியர் எழுதிய கையேடுகள் இந்தத் தொல்லையைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்கு ஈடாகத் தென்வானம் கிடைக்கிறது. லண்டன் வானில் ஒருபோதும் உதிக்காத ஈட்டா கரினே நெபுலா, சித்திரை மாத இரவுகளில் திருத்தணியின் தெற்கே சுமார் 17 பாகை உயரத்துக்கு வரும். ஆண்ட்ரோமீடாவும் ஓரியன் நெபுலாவும் தலைக்கு மேல் நன்றாகவே எழும்.

நாள் குறிப்பதில் கோயிலும் கேமராவும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. கிருத்திகை நாள் என்பதே சந்திரன் கார்த்திகை நட்சத்திரத்தில் இருக்கும் நாள். அன்று நிலவு கூட்டத்தின் பக்கத்திலேயே நிற்கும். நீலப் படலம் எந்தக் கேமராவிலும் சரியாக விழாது. கார்த்திகை தீபத்தின்போது முழுநிலவு வேறு. ஆகவே கார்த்திகையைப் படமெடுக்க விரும்புவோர் மாதந்தோறும் வரும் கிருத்திகையைத் தவிர்த்து அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்கிறார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குப் போனபின் தை, மாசியில் வானம் தெளியும்.

நிலவை நாள் பார்த்துத் தவிர்க்கலாம். ஊர் வெளிச்சத்தைத் தவிர்க்க முடியாது. திருத்தணிக்குக் கிழக்கே சென்னைப் பெருநகரமும் தெற்கே அரக்கோணமும் வடமேற்கே திருப்பதியும் இருக்கின்றன. பழைய சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் குறுகிய அலைநீளப் பட்டையில் அடங்கியது. ஒரு ஃபில்டரால் அதைத் தடுக்க முடிந்தது. வெள்ளை எல்இடி விளக்கு எல்லா நிறத்திலும் ஒளி உமிழ்வதால் அந்த வழி பெரிதும் அடைபட்டுவிட்டது. ஜான் போர்ட்டல் 2001-ல் வகுத்த ஒன்பது படி அளவுகோலை வைத்து ஆர்வலர்கள் தங்கள் வானத்தின் இருட்டை ஒப்பிடுகிறார்கள்: ஒன்று என்றால் மாசற்ற இருட்டு, ஒன்பது என்றால் மாநகர மையம். இந்திய ஆர்வலர்களின் கனவு ஊர் லடாக்கின் ஹான்லே. அங்கு 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் ஜவ்வாது மலையின் காவலூரில் 1960-களின் இறுதியில் வான்காணகம் அமைந்ததற்கும் இருட்டு ஒரு காரணம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் செயல்படத் தொடங்கியது. சென்னையில் பிறந்த வைணு பாப்புவின் பெயரைத் தாங்குவது அது.

படத்தைச் சுற்றி நடக்கும் பேச்சில் அதிக நேரம் பிடிப்பது நிறம். தொலைநோக்கி வழியே கண்ணால் பார்க்கும் நெபுலா பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான் தெரியும்; மங்கிய ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறம் பிரியாது. படத்தில் வரும் சிவப்பு, ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் உமிழும் ஒளி. அது கற்பனையில்லை. ஆனால் ஹப்பிள் தொலைநோக்கியின் பெயரால் புகழ்பெற்ற நிறத்திட்டம் வேறு கதை. அதில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பையும் ஹைட்ரஜனுக்குப் பச்சையையும் ஆக்சிஜனுக்கு நீலத்தையும் கொடுக்கிறார்கள். கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பில் ஒளிர்வதால், அவற்றைப் பிரித்துக் காட்ட இந்த ஏற்பாடு. எது எந்த வாயு என்று தெரிவித்துவிட்டால் இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. தெரிவிக்காமல் விடுவதுதான் குற்றம்.

அண்மைக் காலத்தில் பேச்சு காரசாரமாவது செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பற்றி. மங்கலான படத்தைக் கூர்மையாக்கும் நிரல், பழகிய படங்களை வைத்து இல்லாத இழையை வரைந்துவிடக் கூடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதே பகுதியை வேறொருவர் வேறு கருவியால் எடுத்த படத்தோடு ஒப்பிடுவதுதான். பிரகாசமான மீனைச் சுற்றித் தெரியும் வட்டம் ஃபில்டரின் எதிரொளிப்பா, மெய்யான தூசா என்பதற்கும் அதே சோதனை. கருவி மாறியும் அதே இடத்தில் அதே வடிவம் இருந்தால் அது வானத்தில் இருக்கிறது.

இந்தச் சோதனை ஒரு கண்டுபிடிப்பில் முடிந்தது. மனிதர்கள் அதிகம் படமெடுத்த கேலக்சி ஆண்ட்ரோமீடா; 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில், வானில் ஆறு முழுநிலவுகளின் அகலத்துக்குப் பரந்து கிடப்பது. அதனருகே புதிதாக எதுவும் மிச்சமிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. 2022-ல் யான் சென்டி, சேவியர் ஸ்ட்ரோட்னர், மார்செல் டிரெக்ஸ்லர் என்ற மூன்று ஆர்வலர்கள், ஆக்சிஜனின் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரோடு நெடுநேரம் பதிவுசெய்து, அங்கே பிரம்மாண்டமான நீல வில் ஒன்றைக் கண்டார்கள். முதல் ஐயம் தங்கள் கருவியின் மேல்தான் விழுந்தது. வேறு கருவிகளிலும் வில் தெரிந்தபின், தொழில்முறை வானியலரோடு சேர்ந்து 2023-ல் ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார்கள். அது ஆண்ட்ரோமீடாவைச் சேர்ந்ததா, நம் பால்வீதியிலேயே அதே திசையில் இருப்பதா என்ற வாதம் அதன்பின் எழுந்தது. நம் பால்வீதியில்தான் என்று வாதிடும் ஆய்வுகள் வந்துள்ளன.

கேலக்சிகளைப் பொறுத்தவரை தொலைநோக்கிகூடத் தேவையில்லை. பெருந்தொலைநோக்கிகள் எடுத்த லட்சக்கணக்கான படங்கள் பொதுவில் கிடக்கின்றன, பார்க்கத்தான் ஆளில்லை. 2007-ல் தொடங்கிய கேலக்சி ஸூ திட்டம், சுருள் கேலக்சியா நீள்வட்டமா என்று பிரிக்கும் வேலையைப் பொதுமக்களிடம் கொடுத்தது. அந்த ஆண்டே ஹேனி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தின் ஓரத்தில் கிடந்த விசித்திரத் திட்டைச் சுட்டி, இது என்ன என்று கேட்டார். அருகிலுள்ள கேலக்சியின் மையத்தில் ஒருகாலத்தில் தீவிரமாக இருந்து இப்போது அடங்கிவிட்ட கருந்துளையின் ஒளியில் மின்னும் வாயு மேகம் அது. கேட்கத் தயங்காத ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை.

இந்தியாவில் இதற்கு ஈடான முயற்சி, வானியலர் ஆனந்த ஹோதா 2013-ல் தொடங்கிய ராட்@ஹோம். புனே அருகே, தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களைக் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் படங்களை நாடெங்குமுள்ள ஆர்வலர்களுக்குக் கொடுத்து, படிக்கக் கற்றுக்கொடுத்து, அசாதாரணமானதைத் தேடச் சொல்கிறது இத்திட்டம். ரேடியோ படத்தையும் ஒளிப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பது இங்கே அடிப்படைப் பயிற்சி. அப்படிக் கிடைத்தது ராட்12: ஒரு கேலக்சியின் கருந்துளையிலிருந்து கிளம்பும் பாய்ச்சல், அதனோடு இணைந்துகொண்டிருக்கும் இன்னொரு கேலக்சியில் மோதி, ரேடியோ குமிழாகப் பொங்கி நிற்கும் காட்சி. சுமார் நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடக்கும் இது 2022-ல் பிரிட்டனின் ராயல் வானியல் கழக ஆய்விதழில் வெளியானது. 2025-ல் அதே குழுவினர், லோஃபார் ரேடியோ தொலைநோக்கியின் படங்களில் ஒன்றையொன்று வெட்டும் இரட்டை ரேடியோ வளையங்களைக் கண்டறிந்து அறிவித்தனர். இவ்வகை வளையங்களில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகத் தொலைவானது அதுவே.

திருத்தணிப் பக்கத்தில் இதைத் தொடங்க நினைப்பவருக்கு ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் உறுதியான முக்காலியும் போதும். மாசி அமாவாசையை ஒட்டி, இரவு தொடங்கும்போதே கார்த்திகை வானில் நல்ல உயரத்தில் நிற்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் சில விநாடிப் பதிவுகளாக இருநூறு எடுத்து அடுக்கிப் பார்க்கலாம். மூல ஃபைல்களை அழிக்க வேண்டாம். படத்தைப் பிறரிடம் காட்டும்போது நாள், நேரம், இடம், லென்ஸ், பதிவுகளின் எண்ணிக்கை, பயன்படுத்திய மென்பொருள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இவை இல்லாத படத்தை யாராலும் சரிபார்க்க முடியாது.