நோவும் கருவியும் – 7: “உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?”

போன கிழமை ஒத்தணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். உப்பைச் சீலையில் முடிந்து, தாச்சியில் சூடாக்கி நாரியில் வைப்பதும் ஆஸ்பத்திரியில் ‘லைட் பிடிப்பதும்’ அடிப்படையில் ஒரே வேலைதான். சூடு பட்ட இடத்தில் இரத்தம் கூடுதலாக ஓடும், இறுகிய தசை இளகும். அந்தச் சூட்டை உடம்புக்குள்ளேயே உண்டாக்கும் கருவி ஒன்று இருக்கிறது.

ஷோர்ட்வேவ் டயதேர்மி என்று பெயர். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு வட்டத் தட்டுகளை நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டுகளுக்கு நடுவே 27.12 மெகாஹேர்ட்ஸ் அலை போகும். ஆழத்தில் கிடக்கும் தசை இதமாகச் சூடேறும். மற்ற ஊர்களில் கதை இத்தோடு முடிந்துவிடும். யுத்தம் நடந்த வன்னியில் முடியாது. உலோகம் கிடக்கும் இடத்தில் அந்த அலை குவியும். சுற்றியுள்ள சதை வெந்துபோகும். ஆகவே ஆளைக் கட்டிலில் ஏற்ற முன்னம் இயன்மருத்துவர் கேட்டாக வேண்டும்:

“அம்மா, உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?”

“தோளில ஒண்டு கிடக்கு பிள்ளை. எடுக்கப்போனா நரம்பு பாதிக்கும் எண்டு விட்டிட்டினம்.”

பீஸ் என்றால் செல் துண்டு. இதயமுடுக்கி உண்டா, எலும்பில் தகடு, ஆணி உண்டா என்று கேட்கச் சொல்கிறது பாடப்புத்தகம். இங்கே பலருக்கு இரும்பை ஏற்றியது வைத்தியர் இல்லை. 2009இல் கைக்குழந்தையாக இருந்த ஒருவருக்குத் தன் முதுகில் துண்டு கிடப்பது தெரியாமலே இருக்கலாம். சின்னத் தழும்பைக் கண்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் புத்தி.

முள்ளந்தண்டு வடம் அறுந்தவர்களின் கதை வேறு. காயத்துக்குக் கீழே சுடுகிறதா குளிர்கிறதா என்று உடம்பு சொல்லாது. சுடுநீர்ப் பை ஒன்றே கொப்புளம் போடப் போதும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். சூடு கொடுக்குமுன் சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று, குளிர்தண்ணீர்க் குழாய் ஒன்று. கண்ணை மூடச் சொல்லித் தோலில் மாற்றி மாற்றி வைத்து எது எதுவென்று கேட்பார்கள். இரண்டு நிமிட வேலை. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். முள்ளந்தண்டு வடம் அறுந்தவர்களுக்காக மாங்குளத்தில் ‘உயிரிழை’ அமைப்பு இயங்குகிறது. அதே மாங்குளத்தில் 2024இல் நெதர்லாந்தின் நிதியுதவியோடு புனர்வாழ்வுக்கென்றே ஒரு நிலையத்தையும் திறந்தார்கள்.

சனம் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று சொல்வது பெரும்பாலும் டென்ஸ் கருவியை. அது சூடாக்குவதில்லை. காலைக் கல்லில் அடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே சூட்சுமம்: தொடுகைச் செய்தி முந்திப் போய் நோவின் வழியை மறிக்கும். மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் இதை ‘வாயிற்கதவு’ என்று விளக்கினார்கள். சட்டைப்பையில் அடங்கும் இந்தக் கருவிக்குச் சின்ன பற்றரி ஒன்று போதும். பொருளாதாரத் தடைக்காலத்தில் அந்தப் பற்றரியே வன்னிக்குள் வரவிடாத சாமான். றேடியோ கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனிக் கொஞ்சம் கசப்பு. நாட்பட்ட நாரிநோவுக்கு டென்ஸையோ அல்ட்ராசவுண்டையோ இழுவைச் சிகிச்சையையோ வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்தியது. அது முன்னுக்கு வைப்பது உடற்பயிற்சியையும், நோயாளிக்கு விளங்கப்படுத்துவதையும். வயலில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவரிடம் பயிற்சி செய்யுங்கோ என்றால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் குனிவது வேலை, முதுகைத் தாங்கும் தசையைப் பலப்படுத்துவது வேறு. மெசினில் படுத்தால்தான் வைத்தியம் என்ற எண்ணத்தை வளர்த்ததில் தனியார் கிளினிக்குகளுக்கும் பங்குண்டு.

மிதிவெடியில் கால் போனவர்களுக்கு இன்னொரு நோ இருக்கிறது: இல்லாத காலில் வரும் நோ. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அதற்கொரு கருவி சொன்னார். முகம் பார்க்கும் கண்ணாடிதான். இரண்டு கால்களுக்கும் நடுவே நிறுத்தி, இருக்கும் காலை அசைத்தால், போன கால் அசைவதுபோலத் தெரியும். எல்லாருக்கும் கேட்பதில்லை. சிலருக்கு, வருசக்கணக்காக மடங்கி இறுகிக் கிடந்த அந்த இல்லாத விரல்கள் மெல்ல விரியும்.

(தொடரும்)