நத்தார் கால இஞ்சி விசுக்கோத்து

பண்டிகை என்றதும் பலகாரத்தை நினைப்பது நம்மவர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. தீபாவளிக்கு முறுக்கும் பயற்றம் பணியாரமும் நம் அடுக்களைகளில் உருவாவது போலவே, வட ஐரோப்பிய இல்லங்களில் நத்தாருக்கு முந்திய வாரங்களில் இஞ்சி விசுக்கோத்து வேகும் மணம் வீதிவரை வந்து வழிப்போக்கரை நிறுத்தும். வேர்க்கொம்பு, கறுவா, கராம்பு, மிளகு ஆகிய நம் நாட்டுச் சரக்குகளின் மணமே அது என்பதை அறியும்போது நமக்கு வியப்பும் சிறிது பெருமையும் உண்டாகாமற் போகா.

இவ்விசுக்கோத்தை நான் கற்றுக்கொண்டது நூல் பார்த்தன்று. 2017ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், நோர்வே நாட்டின் பேர்கன் நகரிலே வாழும் என் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மலைகள் சூழ்ந்த அத்துறைமுக நகரம் ஓயாத மழைக்குப் பெயர் பெற்றது. மகளும் மருமகனும் வேலைக்குச் சென்றபின், பள்ளி விட்டு வரும் ஆறு வயதுப் பேர்த்தியும் நானுமே வீட்டில் இருப்போம். குழந்தை என்னை ஏறிட்டுப் பார்ப்பாள், கொடுத்ததை உண்பாள், ஆனால் ஒரு சொல்லும் பேசமாட்டாள். "அவளுக்கு எல்லாம் விளங்கும் அம்மா, கதைக்கத்தான் கூச்சப்படுகிறாள்" என்று மகள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் அங்கே தங்குவதற்கு இருந்தவை ஆறு வாரங்கள். அவற்றுள் மூன்று வாரங்கள் இவ்வாறே கழிந்தன. ஊருக்குத் திரும்பும்போது, என் பேர்த்தியின் குரலையே சரியாகக் கேளாமல் திரும்புவேனோ என்ற ஏக்கம் என்னை வாட்டியது.

அந்நகரிலே ஓர் அழகிய வழக்கம் உண்டு. 1991ஆம் ஆண்டு தொடக்கம், நத்தாருக்கு முந்திய வாரங்களில், இஞ்சி விசுக்கோத்தினாலேயே ஒரு சிறு நகரத்தைக் கட்டிக் காட்சிக்கு வைக்கின்றனர். வீடுகள், தேவாலயங்கள், கப்பல்கள், புகைவண்டிகள் யாவும் விசுக்கோத்தே. பாலர் பாடசாலைகளும் பள்ளிகளும் குடும்பங்களும் தத்தம் வீடுகளைச் செய்துகொண்டு வந்து சேர்க்கின்றன. நம் வீட்டிலிருந்தும் ஒன்று போகவேண்டும் என்று பேர்த்தி தாயிடம் அடம்பிடித்திருக்கிறாள். மகளுக்கோ அவ்வாரம் முழுவதும் இரவு வேலை. "அம்மம்மாவும் நீயும் செய்யுங்கோ" என்று சொல்லி, செய்முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தத் தாளைப் பார்த்து முதலில் நான் மகிழ்ந்தது ஒரு காரணத்தினால். அதில் முட்டை இல்லை. ஆதலால் மரக்கறி உணவினரும் இதனை ஐயமின்றிச் செய்யலாம். வேண்டிய பொருள்கள் இவையே:

கோதுமை மா 450 கிராம். சீனி 180 கிராம். பட்டர் 150 கிராம். பாணி 100 மில்லிலீற்றர். கிறீம் 100 மில்லிலீற்றர். கறுவாத்தூள் 2 தேக்கரண்டி. வேர்க்கொம்புத் தூள் 1 தேக்கரண்டி. கராம்புத்தூள் அரைத் தேக்கரண்டி. மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. அப்பச்சோடா 1 தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை.

அங்கே வெளிறிய சீனிப் பாணியைப் பயன்படுத்துவர். நம் வீட்டில் தடிப்பான கித்துள் பாணி அதற்குப் பொருத்தமாக அமையும்; நிறம் மட்டும் சற்றுக் கருமையாகும்.

பாணி, சீனி, பட்டர் மூன்றையும் ஒரு பாத்திரத்தில் இட்டு, இளந்தீயில் சீனி கரையும்வரை கிளறுக. கொதிக்க விடலாகாது. இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் கிறீமை ஊற்றிக் கலக்குக. மாவையும் தூள்களையும் அப்பச்சோடாவையும் உப்பையும் ஒன்றாக அரித்து, சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைக. இப்பொழுது கலவை தளர்ந்து கையில் ஒட்டும். அது கண்டு அஞ்சி மேலும் மேலும் மாவைக் கொட்டுவதே புதியவர்கள் செய்யும் முதற் பிழை. அவ்வாறு செய்தால் விசுக்கோத்து கல்லாகிவிடும். கலவையை நன்றாக மூடி, குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். மா ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பட்டர் இறுகும், பிசைந்ததனால் மாவில் உண்டான இழுவிசையும் தளரும். மறுநாள் அதே கலவை களிமண்போல் உங்கள் சொற்கேட்டு நடக்கும்.

அன்று மாலை நான் தூள்களை அளக்கத் தொடங்கியபோது, ஊரிலிருந்து கொண்டு சென்ற கறுவாப் பட்டையை உரலில் இட்டு இடித்தேன். அம்மணம் எழுந்ததும் குழந்தை மெல்ல மேசையருகே வந்து நின்றாள். ஒவ்வொரு சரக்காக அவள் மூக்கருகே நீட்டினேன். வேர்க்கொம்பை நீட்டியபோது முதன்முறையாக வாய் திறந்து, "இங்கெஃபேர்" என்றாள். நான் "இஞ்சி" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "இஞ்சி, இங்கெஃபேர்" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதை அக்குழந்தையின் காது எனக்கு முன்பே கண்டுகொண்டது.

உண்மையில் அவை உறவுச் சொற்களே. இஞ்சி என்னும் திராவிடச் சொல்லும் வேர் என்பதும் சேர்ந்து பாளியில் சிங்கிவேர ஆயிற்று என்றும், அதுவே கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ் என்றும், இலத்தீனில் சிஞ்சிபெர் என்றும் திரிந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் புகுந்தது என்றும் மொழிநூலார் காட்டுவர். வணிகக் கலங்களில் ஏறிச் சென்ற சரக்கு, தன் பெயரையும் உடன் கொண்டு சென்றது. நோர்வே மக்கள் இவ்விசுக்கோத்தை 'பெப்பர்காகெ', அதாவது மிளகு அப்பம் என்கின்றனர். கீழைத்தேயச் சரக்குகள் அனைத்துக்கும் மிளகு என்னும் பெயரே முற்காலத்தில் அங்கே பொதுவாய் வழங்கியது.

பழைய ஐரோப்பாவில் இச்சரக்குகள் பெருவிலை பெற்றவை. எனவே இப்பலகாரமும் எளிதில் கிட்டாத பொருளாயிருந்தது. ஜேர்மனியில் வணிகப் பாதைகள் கூடும் நுரெம்பேர்க் நகரம் இதற்குத் தலைநகர்போல் விளங்கிற்று. அதனைச் சூழ்ந்த காடுகளில் தேன் மிகுதியாகக் கிடைத்ததும் ஒரு காரணம். 1643ஆம் ஆண்டில் அந்நகரத்து இஞ்சி அப்பக்காரர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். 1996 முதல் நுரெம்பேர்க்கில் செய்ததன்றி வேறொன்று அப்பெயரால் விற்கப்படலாகாது என்ற ஐரோப்பியச் சட்டக் காப்பும் உண்டு. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியார் தம் விருந்தினரின் உருவில் இஞ்சி அப்பம் செய்வித்து அளித்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. குரோவேஷிய நாட்டின் வட பகுதியில், இருதய வடிவில் சுட்டுச் செந்நிறம் பூசி அன்பளிப்பாகக் கொடுக்கும் அப்பக் கலையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இனிச் செய்முறையைத் தொடர்வோம். ஊறிய கலவையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மற்றதைக் குளிரிலேயே விடுக. மாத் தூவிய பலகையில் 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே சீராகத் தேய்க்கவேண்டும். தடிப்பு ஒருபுறம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருந்தால், மெல்லிய பக்கம் கருகும்போது தடித்த பக்கம் வேகாமல் நிற்கும். அச்சினால் வெட்டித் தட்டில் இடைவெளிவிட்டு அடுக்கி, 175 பாகை செல்சியசில் சூடேற்றிய போறணையில் எட்டு முதல் பத்து நிமிடம் சுடுக. ஓரம் சற்றுச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். அப்போது நடுப்பகுதி மெதுவாகவே இருக்கும். வேகவில்லையென்று மயங்கி மீண்டும் உள்ளே தள்ளாதீர்கள். ஆறும்போது தானே மொறுமொறுப்பாகும். பாணியின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேர்ந்து எழுப்பும் வாயுவே விசுக்கோத்தை மெல்ல உப்பச்செய்கிறது. சோடாவை அளவுக்கு மேல் இட்டால் சவர்க்காரச் சுவை தட்டும்.

வீடு செய்ய விரும்புவோர், முன்கூட்டியே கடதாசி மட்டையில் இரு பக்கச் சுவர், முன்னும் பின்னுமாக இரு முகப்பு, கூரைக்கு இரு துண்டு என ஆறு வார்ப்புகளை வெட்டிப் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுட்டு எடுத்த கணத்திலேயே வார்ப்பை மேலே வைத்து ஓரங்களைக் கத்தியால் நேராக்குக. ஆறியபின் வெட்டினால் நொறுங்கும்.

ஒட்டுவதற்கு, ஐசிங் சீனி 200 கிராமை ஒரு முட்டை வெள்ளையுடன் நன்றாக அடித்தெடுத்த வெண்சாந்து சிறந்தது. பச்சை முட்டை சேர்வதால், சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உண்ணக் கொடுப்பதாயின், சூடாக்கிப் பதப்படுத்திய முட்டை வெள்ளைத் தூளை உபயோகிப்பதே நன்று. உண்பதற்கான சிறு விசுக்கோத்துகளை அலங்கரிக்க, ஐசிங் சீனியைத் தேசிக்காய்ச் சாற்றிலே குழைத்தாலே போதும். கோடு இழுப்பதற்குப் பற்பசைபோல் இறுக்கமாகவும், உட்பகுதியை நிரப்புவதற்குத் தேன்போல் தளர்வாகவும் இருத்தல் வேண்டும். தடித்த பொலித்தீன் பையில் இட்டு, மூலையை ஊசிமுனை அளவே வெட்டிப் பிதுக்குக. முதலில் எல்லைக் கோடு. அது உலர்ந்தபின் உள்நிரப்பல். அதுவும் உலர்ந்தபின் புள்ளியும் பூவும். மார்கழியில் முற்றத்திலே கோலமிடும் கைகளுக்கு இது புதிய வித்தையன்று.

அங்கே சிலர் உருக்கிய சீனியையே பசையாகக் கொள்வர். அது விரைவில் இறுகினாலும், தோலிற் பட்டால் கடுமையாகச் சுட்டுவிடும். குழந்தைகள் அருகிருக்கும்போது அதனைத் தவிர்த்தல் நன்று.

எங்கள் வீட்டின் நான்கு சுவர்களும் நின்றன. ஆனால் நான் பொறுமை இழந்து, சாந்து உலருமுன் கூரையை ஏற்றினேன். அது வழுக்கி விழுந்து இரண்டாகப் பிளந்தது. குழந்தையின் உதடு நடுங்கியது. அவ்வேளை உறக்கம் கலைந்து எழுந்து வந்த மகள், மகளை மடியில் இருத்தி ஒரு செய்தியைச் சொன்னாள். 2009ஆம் ஆண்டு கார்த்திகையில், அந்த விசுக்கோத்து நகரம் திறக்கப்படுவதற்குச் சில நாட்களே இருந்தபோது, இரவோடிரவாக யாரோ உட்புகுந்து அதனை நொறுக்கிவிட்டார்களாம். பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் நகரத்தவர் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக மீண்டும் அடுப்பை மூட்டி, மீண்டும் சுட்டுக்கொண்டு வந்து, அந்த ஆண்டே நகரத்தை எழுப்பிவிட்டார்கள்.

குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடைந்த கூரையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய விசுக்கோத்துத் துண்டை வைத்து, சாந்து பூசி ஒட்டினோம். இரண்டு மணி நேரம் உலரவிட்டு, சுவர்களுக்கு மேல் ஏற்றி, இறுகும்வரை இருபுறமும் போத்தல்களை முட்டுக்கொடுத்தோம். பிளவின்மேல் வெண்சாந்தைத் தாராளமாக வழியவிட்டபோது, அது பனி மூடிய கூரையாகவே தோன்றிற்று. "அம்மம்மா, இன்னும் போடுங்கோ" என்றாள் குழந்தை. அது அவள் என்னிடம் முழுதாகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம்.

மழைக்கு அஞ்சி அவ்வீட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸிலே கொண்டு சென்றோம். இரு வாரங்களின் பின் காட்சியைக் காணப் போனபோது, நூற்றுக்கணக்கான வீடுகளுக்கிடையே நம் கூரையைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவளே. மிகுதியாகப் பனி கிடந்த கூரை அதுவாகவே இருந்தது.

நம் நாட்டில் இதனைச் செய்வோர் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளவேண்டும். மார்கழி மாரியின் ஈரம் விசுக்கோத்தை விரைவில் நமுக்கச் செய்யும். முற்றாக ஆறியபின் காற்றுப் புகாத தகரப் பேணியில் அடைத்தால் பல வாரம் இருக்கும். அலங்கரிக்காதவை நமுத்துப்போயின், 150 பாகைப் போறணையில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு மீளும். ஆகவே முன்கூட்டியே சுட்டு வைத்து, பண்டிகைக்கு முந்திய நாளில் அலங்கரிப்பதே தக்க வழியாகும்.

சுவீடன் நாட்டவர் இவ்விசுக்கோத்தை உள்ளங்கையில் வைத்து, மனத்தில் ஒன்றை நினைந்து, விரலால் மெல்லத் தட்டுவர். மூன்றாக உடைந்தால் நினைத்தது நிறைவேறும் என்பது அவர்களின் விளையாட்டு நம்பிக்கை. வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்துச் சிறுவரையும் அருகிருத்தி இதனைச் செய்து பாருங்கள். தூள் அளப்பதையும் அச்சு வெட்டுவதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். கூரை உடைந்தால் கவலற்க. பூசுவதற்குச் சாந்து மட்டும் சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும்.