சாரதியில்லாத வண்டியில் ஏறலாமா?

வாடகைக் காரொன்றில் ஏறியமர்ந்ததும் நாம் முதலிற் பார்ப்பது சாரதியின் முகத்தையே. கண்களிலே தூக்கக் கலக்கம் உண்டா, பேச்சிலே நிதானம் உண்டா என்று ஒரு நொடியில் எடைபோட்டு விடுகின்றோம். பிள்ளைகளுடன் பயணஞ் செய்யும் தாய்மாருக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆசனமே வெறுமையாக இருந்து, ஸ்டியரிங் சக்கரம் தானாகவே திரும்புமானால் நமது மனநிலை என்னவாகும்?

இது கற்பனையன்று. கூகிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்தவை 'வேமோ' வண்டிகள். அவை 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர்ப்புறத்தில் சாரதியின்றியே பொதுமக்களை ஏற்றத் தொடங்கின. 2024இல் சான்பிரான்சிஸ்கோ நகரிலும் யாவரும் ஏறலாம் என்றாயிற்று. கமராக்களும், ராடாரும், ஒளிக்கதிரை வீசித் தூரத்தை அளக்கும் 'லைடார்' கருவியும் இவற்றின் கண்களாகும்.

நெடும்பயணத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வண்டியை ஓட்டுபவருக்கு வருவது அரிது. உடன் செல்பவருக்கே அவை வருகின்றன. வளைவு வருவதையும் பிரேக் பிடிக்கப் போவதையும் ஓட்டுபவர் முன்னரே அறிவதால், அவருடைய உடல் ஆயத்தமாகி விடுகிறது. சாரதியில்லாத வண்டியிலோ எல்லோரும் பயணிகளே! ஆகவேதான் வேமோ வண்டியினுள்ளே ஒரு திரை வைத்திருக்கின்றார்கள். தெருவைக் கடப்பவரையும், அயலில் வரும் வாகனங்களையும், சைகை விளக்கையும் வண்டி கண்டுகொண்டதை அது காட்டுகின்றது. ஓரமாக நிறுத்தச் சொல்லவும், நிறுவன ஊழியருடன் பேசவும் வழியுண்டு. வண்டி ஏன் நின்றது என்பதை அறிந்தால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

மீதிப் பாதி எப்போது நீங்கும்? சான்பிரான்சிஸ்கோவில் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி இரவு நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரு கார் மோதியதால் தூக்கியெறியப்பட்ட பெண்ணொருவர், 'குரூஸ்' நிறுவனத்தின் சாரதியற்ற வண்டியின் முன்னே விழுந்தார். அவர்மீது மோதி நின்ற அவ்வண்டி, அவர் அடியிற் சிக்கியிருப்பதை உணராது, ஓரங்கட்டுவதற்காக மீண்டும் நகர்ந்து ஏறத்தாழ 20 அடி தூரம் அவரை இழுத்துச் சென்றது. படுகாயமுற்ற அவர் உயிர் தப்பினார். முதலில் மோதிய காரை ஓட்டியவரோ மனிதரே. அவர் நில்லாது ஓடிவிட்டார்! எனவே மனிதர் மேல், இயந்திரம் கீழ் என்று எளிதிற் கூறிவிட முடியாது.

ஆனால், இழுத்துச் சென்ற செய்தியைத் தனது அறிக்கையிற் கூறாமல் விட்டதே குரூஸ் செய்த பெருந்தவறு. அதே மாதத்தில் கலிபோர்னியா அரசு அதன் அனுமதியை நிறுத்திவைத்தது. பொய்யான அறிக்கை கொடுத்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்ட நிறுவனம், 5 இலட்சம் டொலர் அபராதஞ் செலுத்த உடன்பட்டது. அடுத்த மாதமே, அதன் உரிமையாளரான ஜெனரல் மோட்டர்ஸ், சாரதியற்ற வாடகைக் கார் முயற்சிக்குப் பணமிடுவதைக் கைவிட்டது.

குலுங்காமல் ஓடும் வண்டி உடலுக்குச் சுகந்தரும். பிழை நேர்ந்தால் அது மறைக்கப்படாது என்ற உறுதியே மனத்துக்குச் சுகந்தரும். அந்த உறுதியை எந்தத் திரையும் காட்டாது. வண்டியை விடுபவரின் நேர்மையே காட்டவேண்டும். முகமில்லாத வண்டியில் நாம் தேடவேண்டிய முகம் அதுவே.