முதலில் வரும் காசு

“உம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்க சேர்.”

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மாணவன் ஒருவன், ராகலை பஸாரில் என்னைக் கண்டதும் சொன்ன வார்த்தை இது. வட்ஸ்அப்பில் ஒரு ‘பகுதிநேர வேலை’ வந்திருக்கிறது. யூடியூப் காணொளிகளுக்கு லைக் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் 900 ரூபாய் உம்மாவின் கணக்குக்கு உண்மையாகவே வந்தது. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். 5,000 கட்டினான், 7,000 கிடைத்தது. அடுத்து, உம்மாவின் சீட்டுக் காசு 40,000. திரையில் இலாபம் ஏறியது. எடுக்கப்போனால், “முதலில் வரி கட்டு” என்றார்கள்.

சூட்சுமம் அந்த 900 ரூபாயில்தான் இருக்கிறது. அது சம்பளமல்ல, தூண்டில் புழு. குழுவில் ‘எனக்கும் வந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அதே கும்பல்தான். பணம் போகும் வங்கிக் கணக்கோ, கமிஷனுக்காகக் கணக்கைக் கொடுத்த இன்னொருவருடையதாக இருக்கும். அப்படிக் கொடுப்பவரையும் பொலிஸ் தேடிவரும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இது ஆள் வைத்து நடத்தும் தொழில். 2024 ஒக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில், இணையவழி நிதி மோசடிச் சந்தேகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனப் பிரஜைகள் கைதானார்கள். இத்தகைய கூட்டத்திடம் பதினாறு வயதுப் பிள்ளை ஏமாறுவதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது.

வகுப்பில் நான் மூன்று விடயங்கள் சொல்கிறேன். வேலை தருகிறவன் நம்மிடம் காசு கேட்கமாட்டான். போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கம் வீட்டுச் சாவி மாதிரி. வங்கி என்று சொன்னாலும், கூட்டாளி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் 6ஆம் வசனம் வட்ஸ்அப்புக்கும் பொருந்தும்.

காசு போய்விட்டதா? உடனே வங்கிக்கு அறிவியுங்கள். உரையாடல்களையும் பற்றுச்சீட்டுகளையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ‘போன காசை மீட்டுத் தருகிறோம்’ என்று கட்டணம் கேட்டு வருகிறவர்களையும் நம்பாதீர்கள். அது இரண்டாவது தூண்டில்.

அந்த மாணவன் மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. அதற்குள் இன்னும் இருமுறை ‘வரி’ அனுப்பியிருக்கிறான். ஏச்சுக்குப் பயந்த அந்த மௌனம்தான் மோசடிக்காரனுக்கு வசதியாகப் போயிற்று. பெற்றோரிடமும் என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் நான் கேட்பது இதைத்தான்: பிள்ளை சொல்ல வந்தால் முதலில் கேளுங்கள், வங்கிக்குப் போங்கள். ஏசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மாலை அவனோடு நானும் வீட்டுக்குப் போனேன். உம்மா அழுதார். பிறகு வங்கிப் புத்தகத்தை எடுத்துவந்து, “எங்க போகணும் சேர்?” என்று கேட்டார்.